வளைவில் வெளியே தள்ளுவது யார்?

(வாசகர் கேள்விகளுக்குக் குன்னூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் பதில் சொல்கிறார்)

கேள்வி: சார், நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். மகள் பிளஸ் ஒன் சேர்ந்ததிலிருந்து அவளுடைய இயற்பியல் புத்தகத்தை நானும் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். சூத்திரம் மனப்பாடம் ஆகிறது, கணக்குக்கு விடைகூட வருகிறது. மனசுக்குள்தான் இறங்க மாட்டேன் என்கிறது. விசையே இல்லாவிட்டாலும் ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கும் என்கிறார்கள். தள்ளுவதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடுகிறதே? மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என்னை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. புத்தகமோ விசை உள்நோக்கி என்கிறது. எனக்கு இதெல்லாம் புரியாதா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: புரியும் அம்மா. உங்கள் சந்தேகம் அரிஸ்டாட்டிலுக்கும் இருந்தது. தள்ளுகிறவரை ஓடும், விட்டால் நிற்கும் என்றுதான் அவரும் சொன்னார். கலிலியோவும், 1687-இல் நூல் வெளியிட்ட நியூட்டனும் வந்து அதை மாற்றுவதற்கு ஏறக்குறைய 2,000 ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு ஒரு பிளஸ் ஒன் வருஷம் போதவில்லை என்றால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

பாடப்புத்தகத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ‘உராய்வற்ற தளம் ஒன்றைக் கற்பனை செய்க’ என்று ஆரம்பிக்கும். உராய்வற்ற தளத்தை யார் பார்த்திருக்கிறார்கள்? உராய்வு என்பது பத்திரத்தில் பெயர் எழுதாத பங்காளி மாதிரி. கணக்கில் எங்கேயும் தெரியாது, பங்கை மட்டும் ஒழுங்காக எடுத்துக்கொண்டு போய்விடும். நீங்கள் தள்ளுவதை விட்டதும் வண்டி தானாக நிற்கவில்லை, உராய்வு அதைப் பிடித்து நிறுத்துகிறது.

நம் மலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. மிகச் செங்குத்தான இடத்தில் 12 அடி போனால் 1 அடி ஏறும். இன்ஜின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும். ரயில் மொத்தம் 100 டன் என்று வையுங்கள். சரிவு வழியாகக் கீழே இழுப்பது அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 8 டன்னுக்குக் கொஞ்சம் மேல். உராய்வு அதற்கு மேல் சிறிது சேர்க்கும். இன்ஜின் கொடுப்பதும் சரியாக அந்த அளவுதான். முன்னே தள்ளுவதும் பின்னே இழுப்பதும் சமமானால் மிச்சம் பூஜ்யம். ஆனால் ரயில் நிற்கவில்லை, மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் போல ஒரே வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. விசை மிச்சப்பட்டால் வேகம் மாறும், மிச்சப்படாவிட்டால் இருக்கிற வேகம் அப்படியே இருக்கும். நியூட்டன் சொன்னது இவ்வளவுதான். ஓட்டத்துக்கு விசை தேவையில்லை, ஓட்டம் மாறுவதற்குத்தான் தேவை.

இப்போது வளைவுக்கு வருவோம். பஸ் இடப்பக்கம் திரும்புகிறது, நீங்கள் வலப்பக்க ஜன்னலோரம் ஒடுங்குகிறீர்கள். ஒவ்வொரு விசைக்கும் ‘கொடுப்பது யார்?’ என்று கேட்டுப் பாருங்கள். என் வகுப்பில் பெயர் சொல்லாமல் யாரும் அம்புக்குறி போட முடியாது. உங்களை வலப்பக்கம் தள்ளியது யார்? பக்கத்து இருக்கைக்காரரா? காற்றா? யாரும் இல்லை. அப்படியானால் தள்ளலும் இல்லை. உங்கள் உடம்பு நேராகப் போய்க்கொண்டிருந்தது, பஸ்தான் திரும்பி வந்து உங்கள் தோளில் இடித்தது. அந்த இடி எந்தப் பக்கமாக? இடப்பக்கமாக, வளைவின் உள்நோக்கி. பெயர் சொல்லக்கூடிய விசை அது ஒன்றுதான்: கொடுப்பது பஸ்ஸின் பக்கச்சுவர்.

நம்பிக்கை வராவிட்டால் உருளைக்கிழங்கைக் கவனியுங்கள். யாரோ சந்தைக்குக் கொண்டுபோகும் மூட்டை அவிழ்ந்து கிழங்கு நடைபாதையில் சிதறினால், வளைவில் எல்லாம் வலப்பக்கம் உருளும். உள்ளே இருக்கும் உங்களுக்கு ஏதோ தள்ளிவிட்ட மாதிரி இருக்கும். மேல் வளைவின் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து கூரையில்லாத பஸ்ஸைப் பார்க்கிறவனுக்கோ, கிழங்கு கிட்டத்தட்ட நேராகப் போகிறது, அதன் அடியிலிருந்து பஸ் விலகித் திரும்புகிறது. அவனுக்குத் தெரிவதைத்தான் புத்தகம் எழுதியிருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுவிடுங்கள், அப்புறம்தான் இது உடம்பில் ஏறும். வளைவின் ஆரம் 15 மீட்டர், வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் 60 கிலோ ஆளைத் திருப்ப ஏறக்குறைய 12 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். சுவர் அதைக் கொடுத்துவிடும். வேகம் 40 ஆனால் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு: 50 கிலோ போல. பஸ்ஸைத் திருப்பவும் டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு அதே விகிதத்தில் வேண்டும், மழையில் நனைந்த சாலை அவ்வளவு கொடுக்காது. நம் டிரைவர்கள் வேகத்தின் வர்க்கத்தைப் படித்ததில்லை, மழையில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது அவர்கள் காலுக்குத் தெரியும். நான் அவர்களைத்தான் முதலில் இயற்பியல்காரர்கள் என்பேன்.

கேள்வி: கோவையிலிருந்து கல்யாணமாகி ஊட்டி வந்திருக்கிறேன். கேஸை முழுசாகத் திறந்து வைத்தாலும் பாத்திரத்தில் பருப்பு வேக மாட்டேன் என்கிறது. அடுப்பு சரியில்லையா?
– ஒரு வாசகி, ஊட்டி

பதில்: அடுப்பைத் திட்டாதீர்கள். தண்ணீரை மேலிருந்து அமுக்கிக்கொண்டிருப்பது காற்று. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால், கடல் மட்டத்தில் இருக்கும் அழுத்தத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் அதிகம்தான் இங்கே. அமுக்குவது குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும், சுமார் 93 டிகிரியில். கொதிக்க ஆரம்பித்த பிறகு கேஸை எவ்வளவு கூட்டினாலும் வெப்பநிலை ஏறாது. கூடுதல் வெப்பமெல்லாம் ஆவியாகிப் போகும், சிலிண்டர்தான் சீக்கிரம் தீரும். குளிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஊட்டி வெயிலிலும் அதே 93தான். குக்கர் வையுங்கள். அதன் வெயிட் ஆவியை அடைத்து வைப்பதால் உள்ளே 115 டிகிரிக்கு மேல் போகும். கோவையைவிட ஒரு விசில் கூடுதலாக விடுங்கள்.

கேள்வி: மலை ஏறினால் எடை குறையுமா? குறையாது என்று தாத்தா பந்தயம் கட்டியிருக்கிறார்.
– எட்டாம் வகுப்பு மாணவன், குன்னூர்

பதில்: குறையும் தம்பி. பூமியின் மையத்திலிருந்து தள்ளிப் போகிறோம் அல்லவா? 60 கிலோ ஆள் சென்னையிலிருந்து ஊட்டிக்கு வந்தால் 30, 40 கிராம் குறையும். ஸ்பிரிங் தராசில் நிறுத்தால் நீ ஜெயிப்பாய், ஆனால் அவ்வளவு நுணுக்கமான தராசு வேண்டும். தாத்தா விவரமான ஆளாக இருந்தால் இரண்டு தட்டுத் தராசைக் கொண்டுவருவார். அதில் எடைக்கல்லும் உன்னோடு சேர்ந்து குறைந்துவிடுவதால் முள் அசையவே அசையாது.