அடுத்தவர் பாட்டைப் போடுவதில் என்ன திறமை?

கேள்வி: என் மகன் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். படிப்பை நிறுத்திவிட்டு டிஜே ஆகப் போகிறானாம். அதற்கு 40,000 ரூபாயில் ஒரு கருவி வேண்டுமாம். "பாடவும் தெரியாது, வாசிக்கவும் தெரியாது. அடுத்தவர் பாட்டைப் போட எதற்குடா இவ்வளவு பணம்?" என்றால், "கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் யாரென்று தெரிந்துகொண்டு வந்து பேசு" என்கிறான். யார் அவர்? நான் சம்மதிக்கலாமா?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: உங்கள் மகன் நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறான். ஆனால் அவருடைய கதையில் தனக்குச் சாதகமான பாதியை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடுகிறான். மீதியை நான் சொல்கிறேன்.

கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் ஒரு முன்னோடி டிஜே. நிஜப் பெயர் ஜோசப் சாட்லர். 1958-ல் பார்படோஸ் தீவில் பிறந்து, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்தவர். அப்பாவின் இசைத்தட்டுகளைத் தொட்டால் வீட்டில் அடி விழும், அப்படியும் தொடுவார். வீட்டில் இருக்கிற மின்சாதனங்களைப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் வேறு. இவனை என்னதான் செய்வது என்று பார்த்த அம்மா, சாமுவேல் கோம்பர்ஸ் என்ற தொழிற்பள்ளியில் சேர்த்துவிட்டார். அங்கே படித்தது என்ன தெரியுமா? எலக்ட்ரானிக்ஸ்!

அந்தச் சமயத்தில் பிராங்க்ஸ் பையன்களின் நாயகன் கூல் ஹெர்க். ஜமைக்காவிலிருந்து வந்தவர். 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூவில் தங்கைக்காக அவர் டிஜேயாக இருந்து நடத்திய விருந்தைத்தான் ஹிப்-ஹாப் என்ற இசை வகையின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். பாட்டு அடங்கி டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கும் சில விநாடிகள் வருமே, ஆடுகிறவர்கள் அந்த இடத்துக்காகவே காத்திருப்பதை ஹெர்க் கவனித்தார். அந்தத் துண்டுகளையே அடுத்தடுத்துப் போட்டு நீட்டினார். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது தாளம் இடறியது. கூட்டம் அதைப் பொருட்படுத்தவில்லை. ஃபிளாஷுக்குத்தான் அது உறுத்தியது.

இனி நீங்கள் கேட்ட திறமைக்கு வருகிறேன். ஒரே பாட்டின் இரண்டு தட்டுகள், அவற்றைச் சுழற்ற இரண்டு டர்ன்டேபிள்கள். ஒன்றில் டிரம்ஸ் துண்டு ஓடி முடிவதற்குள் மற்றதைக் கையால் பின்னோக்கிச் சுழற்றி, துண்டின் ஆரம்பத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். எல்பி இசைத்தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி. துண்டில் தாளம் 16 முறை விழுகிறது என்றால் சுமார் ஆறு சுற்று. ஃபிளாஷ் தட்டின் மேல் கிரேயானால் கோடு போட்டு, அது எத்தனை தடவை சுற்றி வருகிறது என்று கண்ணால் எண்ணினார். தட்டைக் கை பிடித்து நிறுத்தினாலும் அடியில் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமே! அதற்கு ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டி, கஞ்சி போட்டு, விறைப்பாக இஸ்திரி செய்து தட்டுக்கு அடியில் வைத்தார். அவருடைய அம்மா தையல்காரர்; துணியின் குணம் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த தட்டில் என்ன ஓடுகிறது என்று கூட்டத்துக்குக் கேட்காமல் தான் மட்டும் ஹெட்ஃபோனில் கேட்க, ஒரு ஸ்விட்சையும், இரண்டு தட்டின் ஒலியையும் கலக்கும் மிக்ஸரில் தானே பொருத்தினார். தொழிற்பள்ளிப் படிப்பு வீண் போகவில்லை.

இவ்வளவும் செய்து பூங்காவில் வாசித்துக் காட்டியபோது ஒருவர்கூட ஆடவில்லை. வகுப்பில் பாடம் கேட்பதுபோல் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மனுஷன் வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறார். அப்புறம்தான் கூட்டத்தை உசுப்பேற்ற மைக்கில் ஆள் வேண்டும் என்று புரிந்து, கவ்பாய், மெல்லி மெல் போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டார்.

இன்று டிஜே என்றாலே நினைவுக்கு வரும் அந்தக் 'கீச் கீச்' ஓசை ஃபிளாஷ் கண்டுபிடித்தது இல்லை. அவருடைய கூட்டாளியின் தம்பி தியோடர், சின்னப் பையன். சத்தத்தைக் குறை என்று அம்மா அறை வாசலில் நின்று திட்ட, பதில் சொல்வதற்காகத் தட்டைக் கையால் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் அசைத்திருக்கிறான். பிறந்தது ஸ்கிராட்ச். ஆகவே நீங்கள் திட்டுவதும் கலைச்சேவையாக ஆகலாம்!

1981-ல் மூன்று டர்ன்டேபிள்களில் ஃபிளாஷ் பல பாட்டுகளைக் கோத்து ஏழு நிமிடத்துக்கு ஒரு பதிவு செய்தார். பெரும்பாலும் அடுத்தவர் பாட்டுகள். ஆனால் கேட்டால் ஃபிளாஷ்தான் தெரிவார். 2007-ல் ராக் அண்ட் ரோல் புகழரங்கத்தில் முதலில் இடம்பிடித்த ஹிப்-ஹாப் குழு அவருடையது. 2019-ல் ஸ்வீடனின் போலார் இசைப் பரிசும் வந்தது.

மகன் உங்களிடம் சொல்லாத பாதி இனிமேல்தான். 1982-ல் உலகமெங்கும் ஓடிய 'தி மெசேஜ்' பாட்டு அவர் பெயரில் வந்தது. ஆனால் அதில் அவருடைய கைவேலை ஏதுமில்லை. அடுத்த ஆண்டே ராயல்டிக்காகவும் தன் பெயருக்காகவும் இசைத்தட்டு நிறுவனத்தோடு கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கொக்கெய்னில் விழுந்து எழுந்ததை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ராத்திரித் தொழிலைப் பற்றி உங்களுக்கு இருக்கிற பயத்தை நான் அசட்டுப்பயம் என்று தள்ளமாட்டேன்.

சரி, என்ன செய்யலாம்? டிப்ளமோவை முடிக்கட்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அவனுடைய ஹீரோவே எலக்ட்ரானிக்ஸ் படித்தவர் என்ற பிடி உங்கள் கையில் இருக்கிறது. 40,000 ரூபாய்க்கு இப்போது அவசரமில்லை. இலவச மென்பொருளை லேப்டாப்பில் போட்டுப் பழகலாம். அதில் இரண்டு பாட்டின் வேகத்தைத் தானே சமன் செய்யும் 'சிங்க்' பொத்தான் இருக்கும். அதைத் தொடாமல், காதால் கேட்டு இரண்டு பாட்டைத் தாளம் இடறாமல் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு இசை தெரிய வேண்டியதில்லை, இடறினால் யாருக்கும் கேட்கும். ஆறு மாதம் விடாமல் உட்கார்ந்தான் என்றால் செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பாதிப் பணம் அவனுடையதாக இருக்கட்டும். கல்லூரி விழாக்களில் வாசித்துச் சேர்க்கட்டும். யாராவது ஒப்பந்தம் என்று காகிதத்தை நீட்டினால், விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று இப்போதே சொல்லிவையுங்கள்.