வழக்கை வரவழைத்த ஊர்

கேள்வி: அமெரிக்காவில் டேட்டன் என்ற ஊரில், டார்வின் கொள்கையைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியரைச் சிறையில் தள்ளிய கதையை ஒரு பழைய ஹாலிவுட் படத்தில் பார்த்தேன். விஞ்ஞானத்தில் உலகுக்கே முன்னால் நிற்கும் நாட்டில் இப்படியும் ஒரு பட்டிக்காடா? இன்றும் அந்த ஊர் அப்படியேதான் இருக்கிறதா?
- வாசகர், காரைக்குடி

பதில்: படத்தைப் பார்த்தீர்கள், சரி. அதை வைத்து ஊருக்குத் தீர்ப்பும் எழுதிவிட்டீர்களே!

ஜான் ஸ்கோப்ஸ் என்ற அந்த ஆசிரியர் ஒரு நாள்கூடச் சிறையில் இருக்கவில்லை. அவர்மேல் வழக்குப் போட்டவர்கள் அவருக்கு வேண்டியவர்கள்தான். போடுவதற்கு முன்னால் ஆள் அனுப்பி அவரைக் கூப்பிட்டு, "உன்மேல் ஒரு வழக்குப் போடலாமா?" என்று சம்மதம் கேட்டார்கள். அவரும் தலையாட்டினார். வயது 24. பள்ளியின் விளையாட்டுப் பயிற்சியாளர். உயிரியல் வாத்தியார் வராதபோது அந்த வகுப்பையும் கவனித்துக்கொண்டார். பரிணாமப் பாடத்தை நடத்தினோமா இல்லையா என்பதே அவருக்குச் சரியாக நினைவில்லை.

ஏன் இந்தக் கூத்து என்றால், ஊரின் கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். டென்னஸி மாநிலத்தில் 95 கவுண்டிகள் (நம் மாவட்டம் மாதிரி). அதில் ஒன்று 'ரே' கவுண்டி. கோர்ட்டும் அரசு அலுவலகங்களும் இருக்கிற அதன் தலைநகரம் டேட்டன். முன்பு இந்தப் பெருமை ஆற்றங்கரையில் இருந்த வாஷிங்டன் என்ற சின்ன ஊருக்கு இருந்தது. (பெரிய வாஷிங்டன் அல்ல, பதற வேண்டாம்.) 1880-ல் ரயில் டேட்டன் வழியாக ஓடத் தொடங்கியது. பத்தே ஆண்டுகளில் தலைநகர அந்தஸ்தும் ரயில் போன பக்கம் போய்விட்டது. 1891-ல் கோபுரம் வைத்த செங்கல் கட்டடமாகக் கோர்ட் எழுந்தது.

நிலக்கரியும் இரும்பும்தான் ஊரை வளர்த்தன. பிரிட்டிஷ் முதலாளிகளின் பணத்தில் டேட்டன் நிலக்கரி இரும்புக் கம்பெனி சுரங்கம் தோண்டியது, உலை மூட்டியது. அதற்கு ஊர் கொடுத்த விலையும் பெரிது. 1895 டிசம்பரில் சுரங்கம் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அடுத்த ஏழு ஆண்டுகளுக்குள் இன்னும் இரண்டு வெடிவிபத்துகள். 1913-ல் கம்பெனியே திவாலானது. ஒரு காலத்தில் மூவாயிரத்தை நெருங்கிய ஜனத்தொகை 1925-ல் 1,800 அளவுக்கு இறங்கிவிட்டது. கடைவீதி ஈயாடியது.

அந்த ஆண்டு மார்ச்சில்தான், மனிதன் தாழ்ந்த விலங்கிலிருந்து வந்தான் என்று அரசுப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கக் கூடாது என மாநிலம் பட்லர் சட்டத்தைப் போட்டது. பட்லர் என்பவர் சட்டசபைக்குப் போன ஒரு விவசாயி. நியூயார்க்கிலிருந்த குடிமக்கள் உரிமைச் சங்கம் ஒன்று, இதை எதிர்த்து வழக்காட யாராவது ஆசிரியர் முன்வந்தால் செலவை ஏற்கிறோம் என்று அறிவித்தது. பக்கத்துப் பெரிய நகரமான சட்டநூகாவின் பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்தவர் ஜார்ஜ் ராப்பல்யே. நொடித்துப்போன சுரங்கச் சொத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்த, வெளியூரிலிருந்து வந்த எஞ்சினியர். பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு அவர் நேரே போன இடம் ராபின்சனின் மருந்துக்கடை. ராபின்சன் யார்? கவுண்டிப் பள்ளி வாரியத்தின் தலைவர். வழக்கில் சிக்கிய அந்த உயிரியல் பாடநூலை விற்றதும் அவர் கடைதான்! ஊருக்கு ஒரு விளம்பரம் வேண்டும் என்று கடை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அரசுத் தரப்பில் வாதாட ஸ்கோப்ஸின் நண்பரான வக்கீல் ஒருவரே ஒப்புக்கொண்டார். பெயர் சூ ஹிக்ஸ். ஆண்தான், அம்மாவின் பெயரை வைத்துவிட்டார்கள்.

இதைக் கேள்விப்பட்ட சட்டநூகாக்காரர்கள், நாமும் ஒரு வழக்குப் போட்டு விசாரணையை நம் ஊருக்குக் கொண்டுவரலாமே என்று கிளம்பினார்கள். டேட்டன் விடவில்லை. நீதிபதி ரால்ஸ்டன் அவசர அவசரமாகச் சிறப்பு ஜூரியைக் கூட்டிக் குற்றச்சாட்டைப் பதிவு செய்துவிட்டார். ஒரு தலைகுனிவுக்கு இரண்டு ஊர் போட்டி போடுமா? பட்டிக்காட்டுத்தனம் என்று நீங்கள் நினைப்பது உண்மையில் கடைவீதிக் கணக்கு.

வழக்கு நடந்தது 1925 ஜூலை 10 முதல் 21 வரை. ஸ்கோப்ஸின் பக்கம் நாடறிந்த கிரிமினல் வக்கீல் கிளாரன்ஸ் டாரோ. சட்டத்தின் பக்கம் மூன்று முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். சிகாகோ வானொலி நிலையம் ஒன்று மைக் வைத்து நேரடியாக ஒலிபரப்பியது. ஒரு வழக்கு விசாரணை அமெரிக்காவில் அப்படி ஒலிபரப்பானது அதுவே முதல் தடவை. கூட்டமும் வெயிலும் தாங்காமல் ஜூலை 20 அன்று கோர்ட்டையே புல்வெளிக்கு மாற்றினார்கள். அங்கே டாரோ பிரையனையே சாட்சியாக ஏற்றி, பைபிளைப் பற்றிக் குறுக்கு விசாரணை செய்தார். ஜூரி ஒன்பது நிமிடத்தில் தீர்ப்பைச் சொல்லிவிட்டது: குற்றவாளி. அபராதம் 100 டாலர். 1927-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. டார்வினுக்காக அல்ல. 50 டாலருக்கு மேல் அபராதம் என்றால் ஜூரிதான் விதிக்க வேண்டுமாம், நீதிபதி விதித்தது செல்லாதாம்!

பிரையனைக் கோமாளி என்று நினைத்திருப்பீர்கள், படம் அப்படித்தான் காட்டுகிறது. அவர் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டவர், வருமான வரிக்காகப் போராடியவர். 1906-ல் இந்தியாவுக்கு வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, பிரிட்டிஷ் ஆட்சியைக் காய்ச்சி எழுதினார். நம் விடுதலைக்காரர்கள் அதை அச்சிட்டு ஊரெல்லாம் பரப்பினார்கள். மறுபுறம், விஞ்ஞானத்தின் கொடியாக நின்ற அந்தப் பாடநூலில் என்ன இருந்தது தெரியுமா? மனித இனங்கள் ஐந்து, அவற்றில் வெள்ளையினமே உயர்ந்தது என்று இருந்தது. டேட்டன் வகுப்பறையில் பரிணாமத்தோடு சேர்த்து அதுவும்தான் பாடம். நல்லவர் ஒரு பக்கம், கெட்டவர் ஒரு பக்கம் என்று பிரிக்கும் வசதி படத்துக்கு உண்டு, ஊருக்கு இல்லை.

அதற்காக டேட்டனுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். சட்டம் அபத்தமானது, அது 1967 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் பிரையன் பக்கம்தான் இருந்தார்கள், மனப்பூர்வமாகவே. அவர்களைக் கிழிகிழி என்று கிழித்தவர் பால்ட்டிமோர் பத்திரிகையாளர் மென்கென். அவரே வந்திறங்கியதும் அனுப்பிய முதல் கட்டுரையில், அழுக்குக் கிராமத்தை எதிர்பார்த்து வந்தேன், அழகான ஊராக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அப்புறம் வேறு மாதிரி எழுதினார். ஆனால் புல்வெளி விசாரணை நடப்பதற்கு முன்பே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விளம்பரம் பலித்ததா? உடனே பலிக்கவில்லை. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை, வந்தவர்களில் பலர் பத்திரிகைக்காரர்கள், அவர்களும் கேலி எழுதிவிட்டுப் போனார்கள். வழக்கு முடிந்த ஐந்தாம் நாள் பிரையன் அதே ஊரில் தூக்கத்தில் இறந்துபோனார். அவர் பெயரில் 1930-ல் ஒரு கல்லூரி வந்தது, இன்றும் நடக்கிறது. பிறகு சாய்வு நாற்காலித் தொழிற்சாலை வந்தது. டென்னஸி ஆற்றில் அணை கட்டியதில் ஏரி வந்தது, மீன்பிடிக்க வருகிறவர்களும் வந்தார்கள். இன்று அங்கே சுமார் 7,000 பேர்.

நீங்கள் பார்த்த படத்துக்கே வருகிறேன். அது 1960-ல் வந்தபோது, அமெரிக்காவின் முதல் காட்சியை எங்கே போட்டார்கள்? டேட்டனில்தான்! ஸ்கோப்ஸும் வந்திருந்தார். தங்களை மூடர்களாகக் காட்டும் படத்துக்குச் சிவப்புக் கம்பளம் விரித்த ஊரை நீங்கள் பட்டிக்காடு என்கிறீர்கள், நான் பலே வியாபாரி என்கிறேன்.

இன்றும் அப்படியேதானா என்று கேட்டீர்கள். அந்த 1891 கட்டடம் அப்படியே இருக்கிறது, கீழ்த்தளத்தில் அருங்காட்சியகம். வெளியே பிரையனுக்கு 2005-ல் சிலை வைத்தார்கள், டாரோவுக்கு 2017-ல். சட்டநூகாவிலிருந்து வடக்கே நாற்பது மைல் போல இருக்கும். மே மாதம் போனால் ஸ்ட்ராபெர்ரி திருவிழா. ஜூலையில் போனால் கோர்ட் பதிவேட்டிலிருந்து எடுத்த வசனங்களோடு வழக்கை நாடகமாகவே போட்டுக் காட்டுவார்கள். டிக்கெட் உண்டு.