மணிக்கு ஓர் எண், நிமிடத்துக்கு வேறோர் எண்

கேள்வி: கொரிய மொழி படிக்கத் தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. ஹனா, துல், செத், நெத் என்று பத்து வரை மனப்பாடம் செய்துவிட்டேன். அடுத்த பாடத்தில் இல், இ, சாம், சா என்று இன்னொரு வரிசை வருகிறது. ஒன்றை மட்டும் படித்தால் போதாதா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: போதாது, இரண்டும் வேண்டும். ஹனா, துல் எல்லாம் கொரியர்களின் சொந்த எண்கள். இல், இ, சாம் சீனத்திலிருந்து வந்தவை. பொருள், ஆள், பேச்சில் சொல்லும் வயது, மணி இவற்றுக்குச் சொந்த எண். தேதி, நிமிடம், பணம், தொலைபேசி எண் இவற்றுக்குச் சீன வழி எண். மூன்றரை மணியை 'செ ஷி சாம்ஷிப் புன்' என்பார்கள், அதாவது மணிக்கு ஒரு வரிசை, அதே மூச்சில் நிமிடத்துக்கு இன்னொன்று! சொந்த எண்கள் இன்று 99 வரைதான் புழக்கத்தில் உள்ளன, நூறு என்றால் சீன வழி 'பேக்'தான்.

எண்ணைத் தனியாக மனப்பாடம் செய்வதை மட்டும் இப்போதே நிறுத்திவிடுங்கள். பின்னால் அளவுச்சொல் (ஆள், கோப்பை என எதை எண்ணுகிறோம் என்று காட்டும் சொல்) வந்தால் ஹனா 'ஹன்' ஆகும், துல் 'து' ஆகும், செத் 'செ' ஆகும், நெத் 'நெ' ஆகும். நாம் 'ஒன்று வீடு' என்றா சொல்கிறோம்? ஒரு வீடு என்கிறோம், அதே கதைதான். மூன்று ஆட்கள் என்பதற்கு 'செ ம்யொங்'. இந்த 'ம்யொங்' பெயர் என்று பொருள்படும் சீன எழுத்திலிருந்து வந்தது, நாமும் 'மூன்று பேர்' என்றுதானே எண்ணுகிறோம்! எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது. சொல் வரிசையும் நமக்குப் பழக்கமானதுதான்: டீக்கடையில் 'டீ ரெண்டு' என்று சொல்வதுபோல அங்கே 'கொபி து ஜன்', காபி இரண்டு கோப்பை. ஆகவே ஹன் ஜன், து ஜன், செ ஜன் என்று சேர்த்தே சொல்லிப் பழகுங்கள், ஒரு வாரத்தில் நாக்கு தானாகத் திரும்பும்.

கேள்வி: சியோலுக்கு வேலைக்கு வந்து ஒரு மாதம். சம்பளத் தொகையைக் கொரியத்தில் சொன்னால் தலை சுற்றுகிறது. எளிய வழி உண்டா?
– வாசகர், சியோல்

பதில்: குழப்பம் 'மன்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. ஒரு மன் என்றால் 10,000, அவர்கள் பெரிய தொகையை அதை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். அங்கே மிகப் பெரிய நோட்டு 50,000 வொன், அதை 'ஐம்பது ஆயிரம்' என்று பிரிக்காமல் 'ஐந்து மன்', அதாவது 'ஓ மன்' என்பார்கள். மில்லியன் கணக்கில் யோசித்தால் ஒவ்வொரு முறையும் தடுமாறுவீர்கள், லட்சத்துக்கு வந்துவிடுங்கள்: பத்து மன் ஒரு லட்சம், நூறு மன் பத்து லட்சம், ஆயிரம் மன் ஒரு கோடி. அதற்கு மேல் 'ஒக்', அது பத்துக் கோடி. அப்புறம், ரசீதில் காற்புள்ளி மூன்று இலக்கத்துக்கு ஒன்றாகத்தான் இருக்கும், அதைக் கண்டுகொள்ளாமல் வலது ஓரத்திலிருந்து நான்கு இலக்கத்தை விரலால் மறையுங்கள். மீதி தெரிவது எத்தனையோ, அத்தனை மன்.