லண்டன் பாராளுமன்றத்துக்குள் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் பார்க்கத் தகுந்ததா, இல்லை வெறும் காலி மண்டபம்தானா?

"காலி மண்டபம்" என்று உங்களிடம் சொன்னது யாராவது சொந்தக்காரராகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் வந்து தங்குகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். பிக் பென் முன்னால் ஒரு செல்ஃபி, அப்புறம் ஷாப்பிங். உள்ளே போகலாமா என்றால், "கவர்மென்ட் ஆபீஸ்ல பார்க்க என்ன இருக்கு?"

என் மாமனார் மட்டும் விதிவிலக்கு. ஊரில் மரக்கடை நடத்தியவர். வாசலில் விமான நிலையம் மாதிரி சோதனை செய்ததில் முதலில் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தார். உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "இவ்வளவு அகலத்துக்கு நடுவுல ஒரு தூண்கூட இல்லையே மாப்பிள்ளை, பாரம் எங்க இறங்குது?" சுவரிலிருந்து உள்பக்கமாக நீளும் உத்திரங்கள், அவற்றின் முனையில் செதுக்கிய தேவதைகள், கீழிருந்து முட்டுக் கொடுக்கும் வளைவு மரங்கள் என்று ஒவ்வொன்றாகக் கையைக் காட்டி அவரே விடையும் கண்டுபிடித்தார். சுவர்கள் 1097-ல் தொடங்கியவை. ஓக் மரக் கூரை 1393-ல் மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் போடச் சொன்னது. தலைமைத் தச்சர் ஹியூ ஹெர்லாண்ட். 1941-ல் குண்டுவீச்சில் தீப்பிடித்தபோது, எம்.பி.க்கள் கூடும் காமன்ஸ் அவையை எரியவிட்டு இந்தக் கூரையைத்தான் காப்பாற்றினார்கள் என்றேன். "சரியாத்தான் செஞ்சிருக்காங்க" என்றார். கழுத்தில் அடையாள அட்டை தொங்க எங்களைக் கடந்து போன ஊழியர்கள் ஒருவர்கூட மேலே பார்க்கவில்லை.

உடனே "வெள்ளைக்காரனுக்கு ஜால்ரா" என்று கமெண்ட் போட வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயில் இதைவிட மூத்தது என்று எனக்கும் தெரியும். இந்தியாவில் செய்த அட்டூழியங்களுக்காக, வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸை 1788 முதல் 1795 வரை இதே மண்டபத்தில் விசாரித்து, கடைசியில் விடுதலை செய்து அனுப்பிய வயிற்றெரிச்சலும் எனக்கு உண்டு.

அவை கூடும் நாளில் விவாதம் பார்க்க வரிசையில் நின்றால் காசே வேண்டாம். இந்த மண்டபம் வழியாகத்தான் போவீர்கள். இங்கே படம் எடுக்கலாம், அவைக்குள் கூடாது.

அப்புறம், லண்டனில் உறவினர் வீட்டில்தான் தங்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து விசா கிடைத்த அன்றைக்கே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். ஹீத்ரோவில் இறங்கிவிட்டு "எங்க இருக்கே?" என்று போன் செய்யாதீர்கள். எங்களுக்கும் ஆபீஸ் இருக்கிறது.