பிள்ளையின் தகப்பனை வரவிடலாமா?

விசுவமடுவிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: மகளுக்கு 17 முடிந்துவிட்டது, கைக்குழந்தைக்கு நாலு மாதம், கலியாணம் நடக்கவில்லை. பிள்ளையின் தகப்பன் கொழும்பில் மேசன் வேலை. நினைத்த நேரம் வருவான், இரண்டு நாள் பிள்ளையைத் தூக்கித் திரிவான், போய்விடுவான். அவன் போனதும் மகள் பால் கொடுக்கவும் மனமில்லாமல் சுவரைப் பார்த்துப் படுக்கிறாள். "நான் ஆம்பிளைத் துணையில்லாமல்தான் இவளை வளர்த்தேன். இனி வராதே என்று சொல்லட்டா?"

இப்போதைக்குச் சொல்லாதீர்கள் அக்கா. அவன் அடிக்கிறான், வெறியில் வருகிறான், மகள் அவனுக்குப் பயப்படுகிறாள் என்றால் கதை வேறு, உடனே 1929 சிறுவர் உதவி இலக்கத்துக்கு எடுங்கள். அப்படி ஒன்றும் நீங்கள் எழுதவில்லை.

கடைசி யுத்த காலத்தில் புலிகளின் ஆட்சேர்ப்புக்குப் பயந்து வன்னியில் பதினாறு பதினேழில் கட்டி வைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர், அதில் பலர் தனியாகத்தான் பிள்ளை வளர்த்தார்கள். அது வேறு வழியில்லாத காலம். இவன் போன் எடுத்தால் பதில் சொல்லும் தூரத்தில் இருக்கிறான்.

தகப்பன் ஆதரவாக நின்றால் இளம் தாய்க்குத் தன்னம்பிக்கை கூடும், மனச்சோர்வு குறையும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிற விஷயம். சண்டையோடு வருகிறவனால் நேர்மாறு. உங்கள் மகளுக்கு அவன் வருவதைவிட, எப்போது வருவான் என்று தெரியாததுதான் பாரம் என்று நினைக்கிறேன். அவன் தூக்கினால் பிள்ளை சிரிக்குது, தன்னிடம் வந்தால் அழுகுது, அதைப் பார்த்து 'என்னைப் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை' என்று எடுத்துக்கொள்வாள். பால் தருகிற ஆளிடம் நாலு மாதப் பிள்ளை அழுது கேட்பது வழமைதான். அதை அவளுக்குச் சொல்லுங்கள்.

பொடியனோடு நேரே கதையுங்கள். வருகிற நாளை முன்கூட்டியே சொல்லட்டும், தினமும் ஒரு நேரம் வைத்துப் போன் எடுக்கட்டும். வந்தால் விளையாட்டு மட்டும் போதாது, குளிக்க வார்க்கட்டும், கிளினிக்குக்குக் கூடப் போகட்டும். எப்படிச் செய்வது என்று அவளிடமே கேட்டுச் செய்யட்டும், சொல்லிக் கொடுக்கிற இடத்தில் அவள் இருக்க வேண்டும்.

இதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு, கோபிக்காதீர்கள். கிளினிக்கில் குடும்பநல மாது "பிள்ளை எப்படிப் பால் குடிக்குது?" என்று கேட்டால் பதில் சொல்வது யார்? அனேகமாக அம்மம்மாதான். பிள்ளையின் கிளினிக் கொப்பியை மகளின் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் இருங்கள்.

அவனைப் பிடித்து வைக்கக் கலியாணத்துக்கு அவசரப்பட வேண்டாம், சட்டப்படி 18 ஆகவேண்டும். செலவுக்குத் தராமல் விட்டால் 1999ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம், அதற்குத் தாலி தேவையில்லை, அவன்தான் தகப்பன் என்று நிரூபித்தால் சரி.

எல்லாவற்றுக்கும் முதல், அந்தச் சுவரைப் பார்த்த படுக்கை. அது இரண்டு கிழமையைத் தாண்டினால், பிள்ளை தூங்கும்போதும் அவளுக்கு நித்திரை வராவிட்டால், அடுத்த கிளினிக் நாள் வரை பார்க்காமல் மாதுவிடம் சொல்லுங்கள். சாகிற கதை கதைத்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.