மியூசியம், மண்பானை, மூன்றாம் வகுப்பு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியமும் வரலாறும் 31 வருடம் சொல்லிக்கொடுத்தவன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என்னால் ஆன பதில்கள் இவை.

தாம்பரம் ஆசிரியை: சார், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரை எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிப் போகிறோம். இரண்டு மணி நேரம்தான். எதையெல்லாம் காட்டலாம்?

எல்லாவற்றையும் காட்ட ஆசைப்படாதீர்கள் டீச்சர். 1851-இல் தொடங்கிய இடம், பெரியவர்களுக்கே ஒரு நாள் போதாது. திமிங்கல எலும்புக்கூட்டை முதலில் காட்டிவிடுங்கள், இல்லையென்றால் "எப்ப சார், எப்ப சார்" என்று கடைசி வரை நச்சரிப்பார்கள். அப்புறம் செப்புத் திருமேனிகள் மட்டும். ஆளுக்கு ஒரு சிலை, கையில் பென்சில், 20 நிமிடம். முழுச் சிலை வேண்டாம், ஒரு கை போதும். ஒரு முறை ஒரு பையன் நடராஜரின் உடுக்கைக் கையை வரைந்துகொண்டிருந்தான். பாதியில் நிறுத்தி, தன் விரல்களை அதே மாதிரி மடக்கிப் பார்த்தான். "சார், உடுக்கைய இறுக்கிப் பிடிக்கல, விரல் நுனியிலதான் நிக்குது" என்றான். அவன் சொன்ன பிறகுதான் நானே அதைப் பார்த்தேன். பெயர்ப்பலகையைப் பார்த்து எழுத மட்டும் வைக்காதீர்கள், பிள்ளைகள் சிலையைப் பார்க்கவே மாட்டார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.

கோவை அம்மா: நாலாம் வகுப்பு மகளுக்குக் கீழடி ப்ராஜெக்ட். தெர்மாக்கோலில் எப்படிச் செய்வது?

தெர்மாக்கோல் வேண்டாம்மா. களிமண்ணில் ஒரு சின்னப் பானையை அவளே செய்யட்டும். கோணலாக வந்தால் வரட்டும். கீழடிப் பானை உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக ஏன் இருக்கிறது என்று அவளிடம் கேளுங்கள். சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடுவார்கள். காற்றுப் புகாத உள்பக்கமும் விளிம்பும் கறுத்துவிடும், காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவக்கும். இது புரிந்தாலே ப்ராஜெக்ட் முடிந்தது.

செங்கல்பட்டு ஆசிரியர்: மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

விளக்கவே வேண்டாம், பூனையைத் தேடச் சொல்லுங்கள். யானைக்குப் பக்கத்தில் பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கும், சுற்றிலும் எலிகள். அடுத்து, அதே மாதிரி கைதூக்கி ஒற்றைக்காலில் நிற்கும் ஆளைத் தேடட்டும். கிடைத்ததும் அவர்களும் அப்படி நின்று பார்க்கட்டும். நின்று பார்த்தவன் தவம் என்றால் என்ன என்று உங்களிடம் கேட்க மாட்டான்.

சேலம் அப்பா: தஞ்சைப் பெரிய கோயில் தெர்மாக்கோல் மாடல் ரெடிமேடாக எங்கே கிடைக்கும்?

மேலே கோவை அம்மாவுக்குச் சொன்னதுதான்.

திருச்சி அம்மா: ஒன்றாம் வகுப்புக்கு மியூசியம் புரியுமா?

யானையும் குதிரையும் புரியும். கூட்டிப் போங்கள்.

சிவகங்கை அப்பா: எங்கள் வயலில் மகன் கறுப்பு-சிவப்புப் பானை ஓடு ஒன்று கண்டெடுத்தான். டீச்சர் வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்கிறார். கொடுத்தனுப்பலாமா?

வேண்டாம் தம்பி. ஓடு கிடந்த இடம்தான் அதன் முகவரி. எடுத்துவிட்டால் அது வெறும் ஓடு.

அவரே: ஏர் ஓட்டினால் எப்படியும் நொறுங்கத்தானே போகிறது? கீழடியே, பிள்ளைகள் கொண்டுவந்து வாத்தியாரிடம் காட்டியதால்தானே வெளியே வந்தது?

நல்ல கேள்வி, மழுப்ப மாட்டேன். கீழடியில் 1970களில் கிணறு தோண்டியபோது கிடைத்தவற்றைப் பற்றித் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தவர் பாலசுப்பிரமணியம் என்ற பள்ளி ஆசிரியர்தான். ஆனால் அவர் அலமாரியில் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை, எந்த மண்ணில் கிடைத்தது என்பதோடு சேர்த்துச் சொன்னார். அகழாய்வு வந்தது 2014-15-இல். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிள்ளைகள் ஊர் ஊராகக் கொண்டுவந்த ஓடுகளை ஒரு பெட்டியில் சேர்த்தேன். எது எந்த ஊர் என்று எழுதி வைக்கவில்லை. ஓய்வு பெறும்போது அந்தப் பெட்டியை யாருக்குக் கொடுத்தும் பயனில்லை. இன்றுவரை மனசு உறுத்துகிறது.

மதுரை ஆசிரியை: அப்படியானால் பிள்ளைகள் தொட்டே பார்க்கக் கூடாதா சார்? தொடாமல் என்ன வரலாறு?

தொடட்டும் டீச்சர், வயலிலேயே தொடட்டும். வகுப்பையே அங்கே கூட்டிப் போங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து, விளிம்பின் வளைவை வரைந்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரட்டும். காசோ நகையோ சிலையோ கிடைத்தால் கதை வேறு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவித்தே ஆகவேண்டும்.

ஈரோடு அம்மா: தெர்மாக்கோல் ஒட்ட எந்தப் பசை நல்லது?

களிமண்ணுக்குப் பசை தேவையில்லை.

சிவகங்கை அப்பா: சரிங்க சார், ஓடு எடுத்த இடத்திலேயே அதை வைத்துவிட்டோம். மகன் வயலைப் படமாக வரைகிறான். அதில் என்னென்ன இருக்கவேண்டும்?

வரப்பு, பக்கத்துப் பனைமரம், ஓடு கிடந்த இடம், அங்கிருந்து மரத்துக்கு எத்தனை அடி என்று அவன் நடந்து எண்ணிய கணக்கு, தேதி, அவன் பெயர். வடக்கு எந்தப் பக்கம் என்று ஓர் அம்புக்குறி. கிணறு இருந்தால் அதையும் மறக்காமல் போடச் சொல்லுங்கள்.