மதுரையில் காரமும் கொழகொழப்பும் ஆகாதவருக்கு

காரம் தாங்காது, கொழகொழப்பாக இருந்தால் தொண்டையில் இறங்காது, நண்பரோ மதுரைக் கடைகளுக்குக் கூப்பிடுகிறார் என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள்.

"காரம் கம்மியா" என்று சொல்வது சால்னாவுக்குப் பலிக்காது. அது அண்டாவில் முன்பே கொதித்து முடிந்தது. கல்லில் அப்போதைக்கப்போது போடுவதைத்தான் மாற்ற முடியும். பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவை ஊற்றித் தரும் கடைகள் உண்டு. "ஊத்தாதீங்கண்ணே, தனிக் கிண்ணத்துல குடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொத்து பரோட்டாவில் சால்னா கல்லிலேயே கலந்துவிடும், அதை நண்பருக்கு விடுங்கள்.

முதல் நாள் உங்களுக்குப் பன் பரோட்டா, நன்றாக வெந்த ஆம்லெட், மிளகாய் போடாமல். கலக்கி வேண்டாம், பாதி வெந்த முட்டை அது. கறி வாடை பயமென்றால் கோலா உருண்டையில் தொடங்குங்கள்: கொத்துக்கறியோடு பொட்டுக்கடலையும் சோம்பும் அரைத்துப் பொரிப்பதால் வாடை அடங்கி, வெளியே மொறுமொறுப்பாக இருக்கும். நண்பர் வாங்கட்டும், நீங்கள் ஒன்று எடுங்கள். பிடித்தால் மறுநாள் கறி தோசை.

ஜிகர்தண்டாவில் வழுக்குவது பாதாம் பிசினும் கடற்பாசியும்தான். டம்ளரில் போடுமுன் "பிசின், பாசி வேண்டாம், பாலும் ஐஸ்கிரீமும் போதும்" என்றால் தருவார்கள்.

இரவு ஏழு மணிக்குள் போய்விடுங்கள். கூட்டம் ஏறினால் மாஸ்டர் காதில் எதுவும் விழாது.